படகை இறுக்கும் உலோகம்

காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதியில், வயலுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது வரிச்சிக்குடி. அந்தப் பக்கத்துக் கடற்கரையில் காளிக்குப்பம், மண்டபத்தூர், கோட்டுச்சேரிமேடு என்று மீனவ ஊர்கள். மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கும் சிறுபடகுகள் இன்று பெரும்பாலும் ஃபைபர் படகுகளே. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கரையில் கட்டுமரமும் மரவள்ளமும்தான் ஆட்சி செய்தன. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் கரையில் ஏற்றி இறக்கத் தோதான கண்ணாடி இழைப் படகுகளை உருவாக்கிச் சோதித்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அழிந்த கலங்களுக்கு ஈடாக நிவாரணத்தில் வந்தவற்றில் ஃபைபர் படகுகளே மிகுதி. அதோடு கட்டுமரத்தின் காலம் ஏறக்குறைய முடிந்தது.

இந்தப் படகுகளைக் கட்டும் பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் ஒரு வேலைக்குள் அருமையான வேதியியல் புதிர் ஒன்று இருக்கிறது. டிரம்மில் ரெசின் மாதக்கணக்கில் திரவமாகவே கிடக்கும். அதில் ஒரு வாளி எடுத்து, ஊதா நிறத் திரவம் கொஞ்சம் ஊற்றிக் கலக்குகிறார்கள். அது ‘ஆக்சலரேட்டர்’. பிறகு நிறமில்லாத இன்னொரு திரவம். அது ‘கேட்டலிஸ்ட்’. இனி அரை மணி நேரத்துக்குள் கண்ணாடி இழைப் பாயான கிளாஸ் மேட்டின் மேல் தடவி முடித்துவிட வேண்டும்; தாமதித்தால் வாளியிலேயே இறுகிவிடும். அடுப்பில்லை, நெருப்பில்லை, ஆனால் வாளி கையைச் சுடும். மறுநாள் அச்சிலிருந்து பிரித்தெடுத்தால் அலையின் அடியைத் தாங்கும் கூடு தயார்.

மாதக்கணக்கில் மாறாமல் கிடந்ததை அரை மணி நேரத்தில் மாற்றியது எது? அந்த ஊதா நிறத் திரவத்தில் இருக்கும் கோபால்ட் என்ற உலோகம். நூறு கிலோ ரெசினுக்குச் சில பத்துக் கிராம் கோபால்ட் போதும். இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பெரிய வேலையை எப்படிச் செய்கிறது, அந்தச் சிறிய அளவைப் பற்றியும் நாம் ஏன் கவலைப்பட வேண்டும், அதே வேலையைத் தீங்கு குறைந்த வேறு உலோகம் செய்யுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் பேச்சு.

ஓடக்காரரின் வேலை

படகு ரெசின் என்பது ஸ்டைரீன் என்ற நெடியடிக்கும் திரவத்தில் கரைந்த பாலியெஸ்டர் சங்கிலிகள். சங்கிலிகளிலும் ஸ்டைரீனிலும் கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று திறந்தால் பக்கத்து மூலக்கூறோடு கைகோத்துக்கொள்ளும். அது அடுத்ததைத் திறக்கும். இப்படித் தொடர்ந்து கோத்துக்கொண்டே போனால் வாளியில் உள்ளதெல்லாம் ஒரே வலையாகிவிடும். சிறு மூலக்கூறுகள் இவ்வாறு கோத்து உருவாகும் பெரிய மூலக்கூறுக்குப் பலபடி என்று பெயர். ஒவ்வொரு கோப்பும் சிறிது வெப்பத்தை வெளிவிடும். வாளி சூடாவது அதனால்தான்.

முதல் பிணைப்பைத் திறக்க ஒரு தூண்டுதல் வேண்டும். இணை சேராத ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறுத் துண்டு ஒன்று தேவை. இதை வேதியியலில் தனி உறுப்பு என்பார்கள். நிறமில்லாத திரவமான மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு உடைந்தால் தனி உறுப்புகள் பிறக்கும். ஆனால் நம் ஊர் வெயிலிலும் அது தானாக உடையும் வேகம் போதாது. அதை உடைத்துக் கொடுப்பதுதான் கோபால்ட்டின் வேலை.

பாலம் இல்லாத காலத்துக் காரைக்கால் அரசலாற்று ஓடக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை அக்கரையில் இறக்கிவிட்டு, அங்கிருந்து வேறொருவரை ஏற்றிக்கொண்டு இக்கரைக்கு வருவார். அவர் எந்தக் கரையிலும் தங்கிவிடுவதில்லை. அதனால்தான் ஒரே ஓடத்தில் ஊரே ஆற்றைக் கடக்க முடிகிறது. கோபால்ட் அயனிக்கும் இரண்டு கரைகள் உண்டு. ஒன்றில் அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கும். மற்றதில் மூன்றை இழந்த நிலையில் இருக்கும். இக்கரையில் இருக்கும்போது ஒரு பெராக்சைடு மூலக்கூறுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து அதை உடைக்கிறது. அதனால் அக்கரைக்குப் போய்விடுகிறது. அங்கே இன்னொரு பெராக்சைடிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கி அதையும் மாற்றிவிட்டு இக்கரைக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு நடையிலும் தனி உறுப்புகள் பிறக்கின்றன. கோபால்ட் மட்டும் செலவாவதில்லை. செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளைத்தான் வினையூக்கி என்கிறோம். பட்டறையில் ‘கேட்டலிஸ்ட்’ என்று சொல்லும் பெராக்சைடு உடைந்து தீர்ந்துவிடும். வேதியியல் கணக்கில் உண்மையான வினையூக்கி கோபால்ட்தான்.

இது வெறும் ஊகமில்லை என்பதற்குப் பட்டறை வாளியே சாட்சி. ஊதாவாக இருந்த ரெசின், பெராக்சைடு சேர்ந்ததும் பச்சையாகத் திரும்பும். இரண்டு எலக்ட்ரான் இழந்த கோபால்ட்டும் மூன்று இழந்த கோபால்ட்டும் ஒளியை வெவ்வேறாக உறிஞ்சுவதால் வரும் நிறமாற்றம் அது. ஆய்வகத்தில் இன்னும் நுட்பமான வழி இருக்கிறது. 1944இல் ரஷ்யாவின் கசான் நகரில் யெவ்கேனி சவோய்ஸ்கி கண்டறிந்த எலக்ட்ரான் காந்த ஒத்ததிர்வு முறை, இணை சேராத எலக்ட்ரான்களை மட்டும் அடையாளம் காட்டும். தனி உறுப்புகள் எப்போது பிறக்கின்றன, எவ்வளவு பிறக்கின்றன என்பதை அதன்மூலம் நேரடியாகப் பதிவு செய்யலாம்.

இதே கோபால்ட்தான் கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் எனாமல் பெயின்ட்டிலும் இருக்கிறது. எனாமல் காய்வதென்பது கரைப்பான் ஆவியாவது மட்டுமில்லை. அதிலுள்ள எண்ணெய்ச் சங்கிலிகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகளாகி, கோபால்ட் அவற்றை உடைக்க, சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கோபால்ட் சேர்க்காவிட்டால் பூசிய எனாமல் நாள்கணக்கில் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சிறிய அளவு, பெரிய கவலை

கோபால்ட் நம் உடலுக்கு அந்நியமில்லை. வைட்டமின் பி12 மூலக்கூறின் நடுவில் இருப்பது ஒரு கோபால்ட் அணுதான். ஆனால் மிகச் சிறிய அளவில், அந்த ஒரே வடிவில் மட்டும்தான் அது நமக்குத் தேவை. அளவு கூடினால் என்ன ஆகும் என்பதை 1965–66இல் கனடாவின் கியூபெக் நகரம் கண்டது. பீரில் நுரை நிலைப்பதற்காகக் கோபால்ட் உப்பு சேர்த்திருந்தார்கள். நிறையக் குடித்தவர்களில் 48 பேருக்கு இதயத்தசை நோய் வந்தது. அவர்களில் 20 பேர் இறந்தார்கள். கோபால்ட் சேர்ப்பதை நிறுத்தியதும் புதிய நோயாளிகள் வருவது நின்றது.

பட்டறையில் யாரும் கோபால்ட்டைக் குடிப்பதில்லை. ஆனால் தோலில் படுகிறது. இறுகிய கூட்டைத் தேய்த்துச் சமன்செய்யும்போது தூசியாக மூச்சில் போகிறது. கோபால்ட் தோலில் ஒவ்வாமையையும் மூச்சில் ஆஸ்துமாவையும் உண்டாக்கக்கூடியது. உலகச் சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் கோபால்ட் உலோகத்தையும் நீரில் கரையும் அதன் உப்புகளையும் ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்தவை’ என்ற பிரிவில் சேர்த்தது. ரெசினில் சேர்வது கரிம அமிலத்தோடு பிணைந்த கோபால்ட். ஆனாலும் உடலுக்குள் போனபின் எவ்வளவு கோபால்ட் அயனி கரைந்து வெளிப்படும் என்பதே கேள்வி என்பதால், ஐரோப்பாவில் இந்தச் சேர்மங்களின் மேலும் கெடுபிடி கூடிவருகிறது. பூமியிலிருந்து எடுக்கும் கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசு என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. மின்கலத் தொழிலும் அதற்குப் போட்டி போடுகிறது. எனவே விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

நத்தைகள் சொன்ன சாட்சி

இன்னொரு உலோகத்தின் கதை கடலோரத்துக்கு இன்னும் நெருக்கமானது. அது வெள்ளீயம். படகின் மேல்பூச்சு, வாகனங்களின் பளபளப்பான சாயம், தொழிற்சாலைத் தரைப்பூச்சு ஆகியவற்றில் பாலியூரித்தேன் என்ற பலபடி இருக்கிறது. ஐசோசயனேட் என்ற சேர்மமும் பல ஆல்கஹால் முனைகள் கொண்ட சேர்மமும் இணைந்து உருவாவது அது. ஜெர்மனியில் ஓட்டோ பேயரின் குழு 1937இல் அதைக் கண்டுபிடித்தது. இந்த இணைப்பைப் பல பத்தாண்டுகளாக விரைவுபடுத்தி வந்திருப்பது டைபியூட்டைல்டின் டைலாரேட் என்ற கரிம வெள்ளீயச் சேர்மம்.

இங்கே எலக்ட்ரான் போக்குவரத்து இல்லை. உலோக அணு, வினைபுரியும் மூலக்கூறின் எலக்ட்ரான்களைச் சற்றே தன் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. அதனால் ஆல்கஹால் வந்து சேர்வதற்கான தடை குறைகிறது. இணைந்ததும் உலோகம் விலகி அடுத்த மூலக்கூறுக்குப் போகிறது. வழி வேறு; செலவாகாமல் திரும்பத் திரும்ப உழைக்கும் குணம் ஒன்றே.

டைபியூட்டைல்டினின் நெருங்கிய உறவு ட்ரைபியூட்டைல்டின். வெள்ளீய அணுவோடு இரண்டுக்குப் பதில் மூன்று பியூட்டைல் தொகுதிகள் சேர்ந்திருக்கும். சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கக் கப்பல்களின் அடியில் 1960களிலிருந்து பூசிய சாயத்தின் நச்சு இதுதான். 1970களின் பிற்பகுதியில் பிரான்ஸின் அர்காஷோன் வளைகுடாவில் ஆளிச் சிப்பிகளின் ஓடு கோணலாகத் தடித்து, குஞ்சுகள் பிழைக்காமல் போய், சிப்பி வளர்ப்போர் நொடித்துப்போனார்கள். இங்கிலாந்தின் பிளிமத் கரையில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்திருந்தது. துறைமுகத்துக்கு அருகில் இந்தக் கோளாறு மிகுதி, தள்ளிப் போகப்போகக் குறைவு. இந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு ஆய்வாளர்கள் முன்னே போனார்கள். ஆய்வகத் தொட்டியில் நத்தைகளை வளர்த்து ட்ரைபியூட்டைல்டினை மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே அதே கோளாறு தொடங்கியது. களத்தில் கண்டதும் தொட்டியில் கண்டதும் ஒன்றையொன்று உறுதி செய்தன.

பிரான்ஸ் 1982இல் சிறுபடகுகளில் இந்தச் சாயத்தைத் தடை செய்தது. கப்பல்களில் அதைத் தடை செய்யப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் உருவாக்கிய உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. டைபியூட்டைல்டின் அவ்வளவு கொடியது இல்லை. ஆனால் அது நோயெதிர்ப்பு மண்டலத்தையும் கருவின் வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. அதைத் தயாரிக்கும்போது சிறிது ட்ரைபியூட்டைல்டினும் மாசாகக் கலந்துவிடும். 2012 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பொதுமக்களுக்கு விற்கும் பொருள்களில் டைபியூட்டைல்டினை, வெள்ளீயத்தின் எடைக் கணக்கில், 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது.

மாற்று உலோகங்கள்

பாலியூரித்தேனில் வெள்ளீயத்துக்கு மாற்றாக முன்னுக்கு வந்திருப்பது பிஸ்மத். தனிம அட்டவணையில் ஈயத்துக்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் கனமான உலோகம் இது. ஆனாலும் வயிற்றுப் புண்ணுக்கு மருந்தாகவே தரப்படுகிறது. அதன் சேர்மங்கள் பெரும்பாலும் நீரில் கரையாதவை; குடலிலிருந்து இரத்தத்துக்குள் போவது மிகச் சிறிய பங்குதான். ஓர் உலோகத்தின் பெயரையோ எடையையோ வைத்து நஞ்சா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. எந்த வடிவில் இருக்கிறது, உடலுக்குள் எவ்வளவு போகிறது, எங்கே தங்குகிறது என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும். பிஸ்மத்தும் முற்றிலும் பாதுகாப்பானதில்லை. 1970களில் பிரான்ஸில் அதை மருந்தாக நீண்ட காலம் மிகுதியாக எடுத்துக்கொண்ட பல நூறு பேருக்கு மூளைப் பாதிப்பு வந்தது. அதனால்தான் ‘நச்சு குறைந்தது’ என்கிறோம்; ‘நச்சற்றது’ என்று சொல்வதில்லை.

தொழில்நுட்பக் குறையும் பிஸ்மத்துக்கு உண்டு. அதன் சேர்மங்கள் ஈரத்தில் சிதைந்து வீரியம் இழக்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறும் டெல்டாக் கரையில் இது சாதாரண விஷயமில்லை. மூடியைத் திறந்து போடாமல் வைப்பது, துத்தநாகச் சேர்மத்தோடு சேர்த்துப் பயன்படுத்துவது, சிர்க்கோனியம் சார்ந்த வினையூக்கியைத் தேர்வது என்று வழிகள் இருக்கின்றன. ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு வந்து பூச்சில் குமிழ் விழும். சிர்க்கோனியம் சார்ந்த சில வினையூக்கிகள் நீரைவிட ஆல்கஹால் பக்கமே வினையைத் திருப்பிவிடுவதால் குமிழ்த் தொல்லை குறைகிறது.

கோபால்ட்டுக்கு மாற்று தேடிய கதை இன்னும் சுவையானது. இரும்பு பெராக்சைடை உடைக்கும் என்பது 1894இல் ஹென்றி ஃபென்டன் எழுதிய ஆய்விலிருந்தே தெரியும். மலிவான, எங்கும் கிடைக்கிற, நம் இரத்தத்திலேயே இருக்கிற இரும்பை ஏன் முன்பே பயன்படுத்தவில்லை? வெறும் இரும்பு உப்பு எண்ணெயிலும் ரெசினிலும் அறை வெப்பத்தில் சோம்பிவிடுகிறது. அக்கரைக்குப் போன ஓடக்காரர் அங்கேயே தங்கிவிடுகிறார். சூடேற்றிய அடுப்பில் காய வைக்கும் பூச்சுகளுக்கு மட்டுமே அது உதவியது, பூச்சையும் பழுப்பாக்கியது.

இதற்குத் தீர்வு ஈனி. உலோக அயனியைச் சுற்றி அமர்ந்து அதற்கு எலக்ட்ரான் இணைகளை ஈந்து பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுக்கு ஈனி என்று பெயர். சரியான ஈனி அமைந்தால் உலோகம் இரண்டு கரைகளுக்கும் இடையே சளைக்காமல் போய்வரும். இதைத் தேடியவர்கள் முதலில் சாயத்தையோ படகையோ நினைக்கவில்லை; சலவைத்தூளை நினைத்தார்கள். யூனிலீவர் நிறுவனத்தின் ரொனால்ட் ஹாகேயும் உடன் ஆய்வாளர்களும், மூன்று நைட்ரஜன் கொண்ட வளையத்தால் மாங்கனீசைப் பிடித்துவைத்து, குறைந்த சூட்டிலேயே கறை நீக்கும் வினையூக்கியை 1994இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அது ஐரோப்பாவில் சலவைத்தூளாக விற்பனைக்கு வந்தது. ஆனால் கறையோடு துணியின் இழையையும் அது தாக்கியது. துணிகள் நைந்து கிழிந்தன. 1995இல் அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள்.

துணிக்குக் கேடாக இருந்த அந்த வீரியமே சாயத்துக்கும் ரெசினுக்கும் வரமானது. அந்த மாங்கனீசு வினையூக்கியும், ஐந்து நைட்ரஜன்களால் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பிஸ்பிடோன் ஈனியோடு கூடிய இன்னொன்றும் பின்னாளில் எனாமலைக் காயவைக்கும் உலர்த்திகளாயின. இரும்பைச் சுற்றி ஆறு இடங்கள் உண்டு. ஐந்தை ஈனி அடைத்துக்கொண்டு ஒன்றைத் திறந்து விடுகிறது. பெராக்சைடு வந்து அமரும் இடம் அதுதான். இப்படிக் காத்துவைத்த இரும்பு, கோபால்ட்டைவிடப் பல மடங்கு குறைந்த அளவிலேயே பூச்சைக் காயவைக்கிறது. நிறமும் அவ்வளவாக ஏறுவதில்லை. படகு ரெசினுக்குச் செம்பு, மாங்கனீசு, இரும்பு சார்ந்த கோபால்ட் இல்லாத முடுக்கிகள், அதாவது ஆக்சலரேட்டர்கள், இன்று உலகச் சந்தையில் கிடைக்கின்றன.

இவற்றிலும் கவனம் வேண்டும். செம்பு மனிதருக்குக் கோபால்ட் அளவுக்குத் தீங்கில்லை என்றாலும் கடல் உயிர்களுக்கு நஞ்சு. படகின் அடிச்சாயத்தில் சேர்ப்பதே அதற்காகத்தான். மாங்கனீசுத் தூசியை நெடுங்காலம் சுவாசித்தால் நரம்பு பாதிக்கும். எனவே உலோகத்தை மாற்றினாலும் குறைந்த அளவு, இறுகிய பலபடிக்குள் பூட்டிவைத்தல், தூசியைக் கட்டுப்படுத்தல் என்ற மூன்றும் கூடவே வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இது ஐரோப்பாவின் கவலை, நமக்கெதற்கு என்று தள்ளிவிட முடியாது. பெயின்ட்டிலிருந்து ஈயத்தை நீக்க 2016இல் இந்திய அரசு விதி கொண்டுவந்தது. ஈயம் அப்போது நிறமாக மட்டுமின்றி உலர்த்தியாகவும் பயன்பட்டது. வீட்டுச் சாயங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற அந்த விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிர்க்கோனியம், கால்சியம் சார்ந்த உலர்த்திகள் ஈயத்தின் இடத்தைப் பிடித்தன. சாயத் தொழில் நின்றுவிடவில்லை. மாற்று கையில் இருந்தபோது விதி வந்தது. விதி வந்தபோது தொழில் மாறியது.

ஃபைபர் படகுக்கும் அதே வழி திறந்திருக்கிறது. 2020இல் தொடங்கிய பிரதமர் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பாரம்பரிய மீனவர்களுக்கு மாற்றுப் படகுக்கும் வலைக்கும் மானியம் உண்டு. மானியம் தரும் படகின் தர விவரத்தில் இரண்டு வரி சேர்க்கலாம்: கோபால்ட் இல்லாத முடுக்கி, வெள்ளீயம் இல்லாத பாலியூரித்தேன் பூச்சு. முதலில் சில படகுகளில் சோதித்து, நம் கரையின் வெயிலிலும் உப்புக்காற்றிலும் அவை எப்படி நிற்கின்றன என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. வரிச்சிக்குடிக்குப் பக்கத்திலேயே திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

பட்டறையில் வேலை செய்கிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆக்சலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பற்றும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதை ஊற்றுங்கள். பெராக்சைடு ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம், கண்ணாடி அணியுங்கள். கையுறை போடுங்கள். கூட்டைத் தேய்க்கும்போது தூசி புகாத முகக்கவசம் வேண்டும். ஸ்டைரீனையும் புற்றுநோய் முகமை கோபால்ட் இருக்கும் அதே பிரிவில்தான் வைத்திருக்கிறது. அதனால் பட்டறையில் காற்று ஓடட்டும்.

புதிய படகுக்கு முன்பணம் கொடுக்கும் ஒவ்வொருவரும், கொள்முதல் ஆணையில் கையெழுத்திடும் ஒவ்வோர் அதிகாரியும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதில் என்ன உலோகம் சேர்க்கிறீர்கள்? வாங்குகிறவர் கேட்கத் தொடங்கினால் விற்கிறவர் மாற்றைக் கொண்டுவருவார். மாற்று இருப்பது தெரிந்தும் பழைய உலோகத்தையே தொழிலாளியின் மூச்சிலும் மீன் பிடிக்கும் கடலிலும் கலந்துகொண்டிருப்பதற்கு இனி நியாயமில்லை.